போத்தல் தேன்

விடியமுன் என் வேலை இது:
மூதூர்ச் சந்திக் கடையில் வாங்கிய போத்தல் தேனில்
அரைவாசியைப் பாலைமரப் பொந்துக்குள் ஊற்றுவது.
லேபிளை உரித்துக் கைப்பைக்குள் திணிப்பேன்.
எறும்புகளுக்கு எனக்கு முதலே தெரியும்.

எட்டரைக்குக் கொட்டியாரக் குடாவைத் தாண்டிப் படகு வரும்.
தொப்பிகள், கிறீம் வாசம், கமராக்கள்.
பிறகு பத்தினியன் வருவார்
விடுதி கொடுத்த மரவுரியில்,
உள்ளே போட்ட அரைக்காற்சட்டையை
மேலே இழுத்து மறைத்தபடி.

புகை போடுவார். கோடாலிப் பிடியால் மரத்தைத் தட்டுவார்.
"தலைமுறை தலைமுறையாக இவர்கள்" என்று தொடங்குவேன்.
அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.
சொன்னது இதுதான்:
"கெதியா முடி பிள்ளை, முழங்கால் நோகுது."

மூன்று வருசத்துக்கு முதல்
இதே மரத்தில் ஒரு சட்டி தேன் எடுத்ததற்கு
மூதூர்க் கோட்டில் பதினையாயிரம் தண்டம்.
இப்போது எடுப்பதுபோல் நடிக்க நாளுக்கு இரண்டாயிரம்.
எட்டாம் நாளே தண்டம் கழிந்துவிட்டது.
மற்ற நாட்களை எதில் கழிப்பது என்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்.
காவலர் விமலசிறி கெட்டவரல்ல.
இலக்கந்தை மணலில் ஆமைக்கூட்டுக்கு ஒன்றாய்க் குச்சி நட்டு
நாய்களை விரட்டி இரவு முழிக்கிறவர்.
சண்டைக் காலத்தில் இந்தக் காட்டிலிருந்து
மான் கிலோக்கணக்கில் போனது,
முதிரை டிரக்டர் டிரக்டராய்ப் போனது.
பத்தினியனும் ஒரு கூட்டுக்காக
முழுமரத்தைத் தறித்தவர்தான்.
சிரித்துக்கொண்டு அவரே சொன்னார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

முதிரை ஏற்றியவர்களின் பெயரை
எந்தக் கோட்டிலும் கூப்பிடவில்லை.
விடுதியின் வரவேற்பு மேசை ஒன்பதடி,
ஒரே பலகை. முதிரை.
அதில் கையூன்றித்தான் சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கிறேன்.

சித்திரையில், பாலை பூத்திருந்த கிழமை,
போத்தலைச் சரித்த கை அந்தரத்தில் நின்றது.
பொந்து இரைந்தது.
உண்மையான தேனீக்கள்.

சொல்ல நேரமில்லை, படகு வந்துவிட்டது.
பத்தினியன் மரத்தில் காதை வைத்தார்.
அன்றைக்கு அவர் நடிக்கவில்லை என்பது
எனக்கு மட்டும் விளங்கியது.
"எடு அண்ணை, காசு கட்டிட்டு நிக்கினம்," என்றார் மனேஜர்.
"எடுக்க வேணாம். சட்டம் தெரியும்தானே,"
விமலசிறி, அவருக்குத் தெரிந்த தமிழில்.
பதினாலு கமராக்கள்.

காதை எடுக்காமலே பத்தினியன் சொன்னார்:
"குஞ்சு கிடக்கு. ஆவணியிலதான் முத்தும்."
பிறகு காவலரைத் திரும்பிப் பார்த்து,
"ஆவணியில நீ இஞ்ச நிப்பியோ?"

என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.
இன்றைக்குக் காட்டிடம் தேன் கேட்கக்கூடாதாம், என்றேன்.
கைதட்டினார்கள்.
ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தாள்.

அடுத்த கிழமை மரத்தைச் சுற்றிக் கம்பி.
உள்நுழையத் தடை என்று மூன்று மொழியில் பலகை;
தமிழில் ஓர் எழுத்துக் குறைவு.
குசினிக்குப் பின்னால் சீமெந்தில் மரம் கட்டி
பொந்தும் வைத்துத் தந்தார்கள்.
இப்போது நான் ஊற்றுவது அதற்குள்.

ஒரு நாள் காட்சி முடிந்து
மரவுரியைக் கொடியில் காயப்போட்ட பத்தினியன்
விரலால் வானத்தில் ஒரு கோடு காட்டினார்.
சீமெந்துப் பொந்திலிருந்து கம்பிக்கு மேலாக
ஒன்றன்பின் ஒன்றாய்த் தேனீக்கள்
மூதூர்க் கடைத்தேனைக்
காவிக்கொண்டு போயின.

"ஆவணியில நான் எடுத்தா
அது காட்டுத்தேனோ, கடைத்தேனோ?
அந்தாளிட்டைக் கேட்டுச் சொல்லு."

கேட்பதற்குச் சிங்களம் எனக்குத் தெரியும்.
விமலசிறி தினமும் எதிர்ப்படுகிறார்,
இத்தனை கூடு, இத்தனை முட்டை என்று சொல்லிப் போகிறார்.
இன்னும் கேட்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டது.